உள்ளம் அளந்து தரப்படும்

கூட்டம் என்றால் அப்படி இப்படிக் கூட்டம் இல்லை. படிக்கட்டில் கூட்டம், படிக்கட்டு முடிந்து தெருவில் கூட்டம், தெருவில் இடமில்லாமல் என் கடைக்குள்ளும் கூட்டம். முடி வெட்டிக்கொள்ளத்தான் இத்தனை பேரும் வந்திருக்கிறார்கள் என்று முதல் நாள் நான் ஏமாந்தே போனேன். ஒருவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணியும் கட்டிவிட்டேன். மனிதர் பதறி எழுந்தார்.

"ஐயோ, எனக்கு வெட்ட வேணாங்க. மாடியில மனசை அளக்கறாங்களே, அதுக்கு வந்தேன்."

அவர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

என் கடைக்கு நேர் மேலே, மாடியில், பலகை மாட்டியிருந்தார்கள். "உள்ளம் அளந்து தரப்படும். கோபம், பாசம், பயம், பொறாமை அனைத்தும் கணினி மூலம் துல்லியமாக." அரிசியை அளக்கலாம், துணியை அளக்கலாம், பொறாமையை எந்தப் படியில் அளப்பது என்று வரிசையில் நின்றவர்களிடம் கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யோசிக்கப் போனால் வரிசையில் இடம் போய்விடும் அல்லவா!

அளக்கிறவருக்கு ஊர் வைத்த பெயர் மீட்டர் டாக்டர். எங்கே படித்தார், யாருக்கு வைத்தியம் பார்த்தார் என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அது போதாதா? அந்தக் காலத்தில் பேயோட்டுகிறவனுக்குத் தாடி வேண்டும், சடை வேண்டும், கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்த வேண்டும். பாவம், எவ்வளவு உழைப்பு! இப்போது சலவை செய்த ஒரு கோட்டு போதும். பேயும் நாகரிகமாகிவிட்டது. மன அழுத்தம் என்று பெயரை மாற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறது.

அளக்கும் முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். கூடத்தின் ஒரு மூலையில் கறுப்புத் துணியால் மறைத்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கணினி. அளக்கப்பட வேண்டியவரை உட்காரவைத்து மூன்று விரல்களில் கவ்வி மாட்டுவார்கள். கவ்வியிலிருந்து ஒயர் புறப்பட்டுக் கம்பளத்துக்கு அடியில் போய்விடும். முதலில் கணினியில் ஒரு விளையாட்டு. இருட்டு வீட்டுக்குள் ஓடி ஓடிப் பேய்களைச் சுட வேண்டும். பிறகு கூட்டல் கழித்தல் கணக்கு. பிறகு கலர் கலராக வரும் வட்டங்களைப் பிரித்துப் போடும் வேலை. கடைசியில் வீட்டாரின் போட்டோக்கள் ஒவ்வொன்றாக வரும், சும்மா பார்த்தால் போதும். வெளியே மேசைக்குப் பின்னால் டாக்டர். அவர் தலைக்கு மேல் பெரிய திரை. திரையில் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, மஞ்சள் கோடு. கோடுகள் துள்ளத் துள்ள டாக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லுவார்.

"பாருங்க, சிவப்பு ஏறுது. கணக்கைப் பார்த்தா இவருக்குப் பயம். சின்ன வயசுல வாத்தியார் அடிச்சிருக்காரு. சரிதானே?"

கூண்டுக்குள்ளிருந்து குரல் வரும். "ஆமாங்க ஐயா! அடிச்சாருங்க!"

கூடமே வாயைப் பிளக்கும். வாத்தியாரிடம் அடி வாங்காதவன் அந்தக் கூடத்தில் எவனாவது இருந்தானா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"வீட்டுல ஒருத்தரோட இவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பச்சைக் கோடு சொல்லுது."

"ஐயோ, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க!"

எப்படியா? வாசலில் உட்கார்ந்திருந்தாளே வரவேற்பு அம்மா, தேன் ஒழுகும் குரலில் வருகிறவரையெல்லாம் "என்னம்மா, முகம் வாடியிருக்கு? உக்காருங்க, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு! அவளிடம் மாமியார் சண்டை முதல் மூலவியாதி வரை மூச்சுவிடாமல் கொட்டிவிட்டு, உள்ளே போய் "டாக்டருக்கு எப்படித் தெரிஞ்சுது!" என்று மூக்கில் விரலை வைத்தார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

யார் யாரோ வந்தார்கள். ஒரு முதலாளி தன் ஆட்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, யாருக்கு விசுவாசம் இருக்கிறது என்று அளந்துகொண்டு போனார். அவரை அளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் தன் நாயையே கொண்டுவந்தார். அதன் கால் நகத்தில் கவ்வியை மாட்டி, எஜமானின் போட்டோவைக் காட்டி, நன்றியுணர்ச்சி குறைவு என்று முடிவு சொன்னார்கள். எஜமானர் முகம் செத்துப்போய் இறங்கினார். நாய் வாலை ஆட்டிக்கொண்டுதான் கூடவே இறங்கியது.

இதுவரை எனக்குச் சிரிப்புதான். ஊருக்குப் பைத்தியம் பிடித்தால் பிடிக்கட்டும், எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண் குழந்தை என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

குழந்தையின் அப்பா என் வாடிக்கையாளர். பஸ் ஓட்டுகிறவர், தங்கமான மனிதர். பெண்டாட்டி சொன்னாலும் தலையாட்டுவார், அக்கா சொன்னாலும் தலையாட்டுவார். நான் கத்தியைக் கழுத்தில் வைத்திருக்கும்போது மட்டும் ஆட்ட மாட்டார். அன்றைக்கு வந்தது அவர் இல்லை. அவர் மனைவி, கையில் மகளைப் பிடித்துக்கொண்டு. ஒரு பெரிய கடையில் பில் போடுகிற வேலை அந்த அம்மாவுக்கு. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ஒட்ட வெட்டிடுங்கண்ணே. விடுதியில முடி வச்சிருக்கக் கூடாதாம்."

பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். இரட்டைப் பின்னல், இடுப்பு வரைக்கும் தொங்கியது. நான் கத்தரியைத் தொடவில்லை.

"என்ன விடுதிம்மா?"

"டாக்டரோட விடுதிதான். உணர்வுச் சீரமைப்பு விடுதி. ஊருக்கு வெளியில இருக்காம். நாளைக்குக் காலையில வேன் வருது."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷம். அதுவரைக்கும் நாங்க போய்ப் பார்க்கக் கூடாது. போன் கூடக் கூடாது. அப்பத்தான் பாசம் ஊறுமாம்."

இறைக்காமல் விட்டால் ஊறுவதற்கு அது என்ன கிணறா? கேட்க வாய் வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் யாரும் இல்லை, அப்பா வண்டியில், அம்மா கடையில். பிள்ளை விளையாடாமல் சுவரையா பார்த்துக்கொண்டிருக்கும்? பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்காமல், "விளையாட்டு மூளையைத் தின்னுடும், மாடியில போய் அளந்து பாரு" என்று கொளுத்திப் போட்டுவிட்டாள். அளந்தார்கள். பேயைச் சுடும்போது சிவப்புக் கோடு திரையின் உச்சிக்கு எகிறியது. அம்மாவின் போட்டோ வந்தபோது எல்லாக் கோடுகளும் தட்டையாகப் படுத்துவிட்டன. டாக்டர் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால், "தாய்ப்பாசம் வற்றிவிட்டது" என்று அறிவித்தார்.

"ஆஸ்பத்திரியில செத்தவங்களுக்கு ஓடும் பாருங்க, அந்தக் கோடு மாதிரிண்ணே," என்றாள் அந்த அம்மா. "என் போட்டோவுக்கு அப்படி ஓடுச்சு. என் தப்புதான். விடிஞ்சா போறேன், இருட்டினா வர்றேன். என்கிட்ட எங்கிருந்து பாசம் வரும் பிள்ளைக்கு? மெஷின் சரியாத்தான் சொல்லுது."

பெண் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தது. "மாமா, பாசம் இருந்தா உள்ள எப்படித் தெரியும்?"

"என்ன பாப்பா கேக்கற?"

"வலிக்குமா, இல்ல சூடா இருக்குமா? எனக்கு இருக்குன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்."

பெரியவர்கள் ஏமாறட்டும், அவர்கள் தலையெழுத்து என்று விடலாம். தன் மனசு தன்னிடம் இருக்கிறதா என்று ஒரு குழந்தை அடுத்தவரைக் கேட்கும்படி செய்துவிட்டானே பாவி! கத்தரி மொட்டையாகிவிட்டது, தீட்ட வேண்டும் என்றேன். தண்ணீர் தெளித்தேன். சீப்பைத் தேடினேன். சீப்பு கையில்தான் இருந்தது. தொழிலுக்கு வந்த நாள் முதலாய் வெட்டாமல் இருக்க வழி தேடியது அன்றுதான்.

அந்த நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. "கத்தரியைக் கீழ வைங்க," என்று ஒரு குரல்.

தராசு அம்மா வந்துவிட்டார்கள்! பஸ்காரருடைய அக்கா, அந்தப் பெண்ணுக்கு அத்தை. எடையளவு இன்ஸ்பெக்டர் வேலை. கடைகடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிறவர். இவர் தெருமுனையில் திரும்பினால் போதும், இந்தக் கோடியில் தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய புளி தானாக உதிரும் என்று சொல்வார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டுகிற தம்பி, கடைசியில் அக்காவுக்கும் போன் போட்டு அழுதிருக்கிறார். அக்கா சோதனைப் பெட்டியும் கையுமாக நேரே வந்துவிட்டார்.

"அண்ணி..." என்று இழுத்தாள் தாய்.

"எந்தப் போட்டோடி காட்டினீங்க?"

"கடை அடையாள அட்டையில இருக்கற போட்டோ அண்ணி. அதுதான் கைவசம் இருந்துச்சு."

"அதைப் பார்த்தா எனக்கே பாசம் வராது. போலீஸ்ல தேடற ஆள் மாதிரி இருப்ப."

பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது. சிரிக்கலாமா கூடாதா என்று அதற்கே சந்தேகம், பாவம்.

"விளையாடாதீங்க அண்ணி. கோடு படுத்துடுச்சு. நானே என் கண்ணால பார்த்தேன்."

"படுக்கட்டுமே! அம்மாவைப் பார்த்தா யாருக்குடி நெஞ்சு படபடன்னு அடிக்கும்? கடன்காரனைப் பார்த்தா அடிக்கும். என்னைப் பார்த்தா கடைக்காரனுக்கு அடிக்கும். பெத்தவளைப் பார்த்தா அடங்கத்தான் செய்யும். படுத்துச்சுன்னா நல்லதுன்னு சொல்லணும்டி அவன்."

தாய் மறுபடியும் பழைய பாட்டையே பாடினாள். "அவரு படிச்சவரு அண்ணி. மெஷின் பொய் சொல்லுமா?"

"எத்தனை மெஷினைப் பார்த்திருக்கேன் நான்! பொய் சொல்லாத மெஷின் உண்டு. அதைப் பொய் சொல்ல வைக்காத ஆள்தான் கம்மி. வா மேல. பாப்பா, நீயும் வா. அண்ணே, நீங்களும் வாங்க. சாட்சி வேணும்."

கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் ஏறினேன். கழுத்தில் துணியோடேயே பெண்ணும் ஏறியது.

மேலே நல்ல கூட்டம். தராசு அம்மா வரிசையைச் சுற்றிக்கொண்டு நேரே மேசைக்குப் போனார். முணுமுணுப்பு கிளம்பியது. யாரென்று தெரிந்ததும் அடங்கியது. கூட்டத்தில் பாதி கடைக்காரர்கள்.

"நாளைக்கு வேன்ல போகப்போற பொண்ணு இது. என் தம்பி மக. இன்னொரு தடவை அளந்து சொல்லணும்."

டாக்டர் புன்னகைத்தார். "தாராளமா. ஆனா முடிவு மாறாதும்மா. அறிவியல்."

"ரொம்ப நல்லது. எந்தத் தராசைப் பார்த்தாலும் நாலு கேள்வி கேக்கறது என் பழக்கம். கோவிச்சுக்காதீங்க. இது தப்பாக் காட்டுமா?"

"வாய்ப்பே இல்லை. மனுஷன் பொய் சொல்லுவான், இயந்திரம் சொல்லாது." கடைசி வார்த்தைகளை மைக்கில் சொன்னார். கூடம் தலையாட்டியது.

"ஆள் மாறி உக்காந்தா தெரியுமா?"

"ஒரு நொடியில தெரியும். ஒவ்வொரு மனசுக்கும் ஒரு தனி அலை."

"விரல்ல மாட்டினது நழுவிட்டா?"

"சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். வேற ஏதாவது?"

"இல்லை. பிள்ளை பயப்படுது. நானும் இந்த அண்ணனும் கூட உள்ள இருக்கலாமா?"

"யார் வேணா இருங்கம்மா. யார் விரல்ல மாட்டியிருக்கோ அவங்க மனசு மட்டும்தான் இயந்திரத்துக்குத் தெரியும்."

தன் வாயால் தானே கெடுவது தவளைக்கு மட்டும் உரியதல்ல.

மூன்று பேரும் கூண்டுக்குள் நுழைந்தோம். தாய் வெளியே, மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். தராசு அம்மா கறுப்புத் துணியை இழுத்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட்டுத் துணியில் குழந்தை மாதிரி படுத்திருந்தது ஒரு பித்தளை எடைக்கல், ஒரு கிலோ. கடைத் தராசுகளைச் சோதிக்க அவர் கொண்டுபோகிற கல். அதை நாற்காலியில் உட்காரவைத்தார். அதன் கழுத்தில் மூன்று கவ்விகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினார். எந்த விளக்கும் எரியவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை.

"எப்பவுமே முதல்ல காலியாத்தான் பார்க்கணும்," என்று எங்கள் காதோரம் சொன்னார். "தட்டுல ஒண்ணும் வைக்காம முள்ளு எங்க நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் மத்ததெல்லாம்." பிறகு வெளியே கேட்கும்படி, "தயாருங்க டாக்டர்!" என்றார்.

விளையாட்டு தொடங்கியது. விளையாடத்தான் ஆள் இல்லை. கணினியில் துப்பாக்கியோடு நின்ற வீரன் நகரவே இல்லை. பேய்கள் வந்து அவனைச் சாவகாசமாகக் கடித்துக்கொண்டிருந்தன. வெளியே மைக் முழங்கியது.

"ஆகா! பாருங்க, பாருங்க! என்ன வேகம்! என்ன வெறி! சுட்டுத் தள்ளறா! போன தடவையைவிட அதிகம்!"

கூடம் "ஐயோ ஐயோ" என்றது. நாற்காலியில் எடைக்கல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கணக்கு வந்தது. "கணக்குல கவனமே இல்லை. மனசு அலைபாயுது." கல்லுக்கு அலைபாயும் மனசாம். கலர் வட்டங்கள் வந்தன. "பொறுமை இல்லை. விரல் துடிக்குது பாருங்க, மஞ்சள் கோட்டுல." பெண் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது. பொத்திய விரல்களுக்கு நடுவே சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது.

"கேட்டீங்களா அந்தச் சிரிப்பை?" டாக்டரின் குரல் நடுங்கியது, நடிப்பு என்றால் அப்படி ஒரு நடிப்பு. "இரக்கமில்லாத சிரிப்பு! இப்பத் தாயோட படம் வருது. எல்லாரும் கவனிங்க."

அடையாள அட்டைப் போட்டோ கணினியில் வந்தது. தராசு அம்மா சொன்னது சரிதான், போலீஸ் தேடுகிற முகம்தான். எடைக்கல் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

"கோடு படுத்துடுச்சு," என்றார் டாக்டர், துக்க வீட்டுக் குரலில். "இல்லை, இருங்க, சிவப்பு எழும்புது. கோபம்! பாசம் இல்லைன்னு மட்டும் நெனச்சேன். இப்ப வெறுப்பே வந்துடுச்சும்மா. நாளைக்குக் கூட இல்லை, இன்னைக்கே வேனை வரச்சொல்றேன்."

வெளியே தாய் விம்மி அழுகிற சத்தம் கேட்டது. பெண்ணின் சிரிப்பு அந்தச் சத்தத்தில் சட்டென்று நின்றுபோயிற்று. தராசு அம்மா கறுப்புத் துணியை ஒரே இழுப்பாக விலக்கினார்.

"வந்து பாருங்க எல்லாரும்! அம்மா மேல வெறுப்பு யாருக்குன்னு வந்து பாருங்க!"

வந்தார்கள். எட்டிப் பார்த்தார்கள். நாற்காலியில் கவ்விகளைக் கழுத்தில் அணிந்துகொண்டு பித்தளைக் கல் பளபளவென்று இருந்தது. பெண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"ஒரு கிலோ," என்றார் தராசு அம்மா. "அரசாங்க முத்திரை இருக்கு. பேயைச் சுட்டுத் தள்ளினது இதுதான். விரல் துடிச்சதும் இதுக்குத்தான். இதுக்கு ஒரு அம்மா இருக்காங்களாம், அவங்களை இதுக்குப் பிடிக்கலையாம். வேன்ல ஏத்துங்க இதை."

எத்தனை பேர் அந்தக் கணமே தெளிந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? எல்லோரும் தெளிந்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மைக்கை எடுத்தார்.

"பித்தளைங்கறது உலோகம். உலோகம் சுத்தி இருக்கறவங்க உணர்ச்சியை இழுத்துக்கும். பக்கத்துல நின்ன பொண்ணோட வெறுப்புதான் அதுல பதிஞ்சிருக்கு. இயந்திரம் எவ்வளவு நுட்பம்னு இப்பவாவது தெரியுதா?"

"ஆமா, பித்தளை இழுக்கும்," என்றார் கூட்டத்தில் ஒருவர். என்ன இழுக்கும் என்று அவருக்குத் தெரியாது. இன்னொருவர் பக்கத்திலிருந்தவரிடம், "ஏங்க, எங்க வீட்டுல பித்தளைப் பாத்திரம் நிறைய இருக்கு, ஆபத்தா?" என்று கேட்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. வேறு யாருடைய தலை கிடைத்தாலும் பரவாயில்லை.

தராசு அம்மா அசரவில்லை. "சரி, இழுக்கட்டும். இழுத்தது இந்த ஒயர் வழியாத்தானே மெஷினுக்குப் போகணும்? இந்த ஒயர் எங்க போகுதுன்னு யாராவது பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. எத்தனை நாளாய் அந்தக் கம்பளத்தின் மேல் நடந்திருக்கிறார்கள்!

"அதைத் தொடாதீங்க! ஷாக் அடிக்கும்!" என்று கத்தினார் டாக்டர்.

தொட்டது தராசு அம்மா இல்லை. அவள் தொட்டாள், அந்தத் தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஷாக்கும் அடிக்கவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை. தூசி பறக்கக் கம்பளத்தைக் கிழித்துக்கொண்டு ஒயர் மேலே வந்தது. மேசை வரைக்கும் வந்தது. மேசைக்காலில் ஒரு முடிச்சுப் போட்டு அதைக் கட்டியிருந்தார்கள். கயிற்றை முளையில் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தார்கள். அதற்கு மேல் அது எங்கேயும் போகவில்லை.

அவள் விடவில்லை. ஆத்திரத்தில் மேசை விரிப்பையும் பிடித்து உருவினாள். அடியில் டாக்டரின் கால், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மிதிகட்டையின் மேல் இருந்தது. பயத்தில் கால் நடுங்கியது. கால் நடுங்க நடுங்க, தலைக்கு மேல் திரையில் சிவப்புக் கோடு குதி குதியென்று குதித்தது. கூடம் முழுவதும் ஒரு முறை காலைப் பார்த்தது, ஒரு முறை கோட்டைப் பார்த்தது.

"என் பிள்ளையை ஒரு வருஷம் என் கண்ணுல காட்டாம வைக்கப் பார்த்தியேடா," என்றாள் தாய். அவ்வளவுதான் சொன்னாள்.

தராசு அம்மா போய் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்த்தார். "ம், இப்பத்தான் நெஜமா அடிக்குது. பாருங்க, இதுக்கு மெஷினே வேணாம்." பிறகு போலீசுக்குப் போன் செய்தார். டாக்டர் கொஞ்சம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "உங்க அதிகாரமெல்லாம் காய்கறிக் கடையோட சரி" என்றார். "அளந்து தர்றேன்னு பலகை மாட்டினது யாரு? அளக்கறேன்னு சொன்னா என்கிட்ட வந்துதான் ஆகணும்," என்றார் இவர். வரவேற்பு அம்மா அந்த நேரத்துக்குள் பைகளை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போலீஸ் கையிலேயே போய் விழுந்தாள்.

கூட்டம் சந்தோஷப்பட்டது என்று சொல்ல ஆசைதான். பாதிப் பேருக்குத் தராசு அம்மா மேல்தான் கோபம். "நாளைக்கு எங்க பையனைக் காட்டலாம்னு இருந்தோம், கெடுத்துட்டாங்களே" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னொரு தகப்பனார் போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகன் மேதைன்னு போன வாரம் சொன்னாருங்க. அதுமட்டுமாவது உண்மையா இருக்கும்ல?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் இல்லை என்று சொல்ல அந்தப் போலீஸ்காரருக்கே மனசு வரவில்லை.

படியிறங்கி என் கடைக்கு வந்தோம். பெண்ணின் கழுத்துத் துணியை நானே அவிழ்த்தேன். இரட்டைப் பின்னல் இடுப்பு வரைக்கும் அப்படியே தொங்கியது. தாய் கிட்டே வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள். மகளை நம்பாமல் மேசைக்காலில் கட்டிய ஒயரை நம்பிய வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"பாப்பா," என்றாள். "அம்மா மேல கோபமா?"

பெண் யோசித்தது. கொஞ்சம் அதிக நேரமே யோசித்தது. "ஆமா," என்றது. அப்புறம், "பசிக்குதும்மா," என்று போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"ரிப்போர்ட் வந்தாச்சு," என்றார் தராசு அம்மா. "கூட்டிட்டுப் போய்ச் சாப்பாடு போடு."

மூன்று பேரும் போனார்கள். நான் நெடுநேரம் வாசலிலேயே நின்றேன். சொன்னால் என்ன, எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

மறுநாள் முதல் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தார். நான் கத்தரியை எடுத்ததும் மெல்லக் கேட்டார்.

"ஏண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஒருவேளை அந்தக் கல்லுக்கு நெஜமாவே கோபம் இருந்திருக்குமோ?"

கத்தரியை நிறுத்தினேன். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தேன்.

"தலைக்கு வெளியில வளர்றதை வெட்டறதுக்குத்தான் நான் இருக்கேன். உள்ள வச்சிருக்கறதை நீங்கதான் எப்பவாவது எடுத்துப் பயன்படுத்தணும், ஐயா."